மந்தைவெளிச் சாப்பாட்டுக் கடைகளும் நம் குலத்தாரும்

நம் சங்கத்தின் திங்கள் வெளியீட்டிற்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருக என்று நிருவாகக் குழுவினர் எம்மைப் பணித்தபோது, மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் நம்மவர் நடத்திய சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதலாம் என்று யாமே சொன்னோம். பெரியோர் சிலர் மகிழ்ந்தனர். பிறர் நம்மைப் புறந்திண்ணையில் இருத்திய காலத்தில் நாமே அடுப்பு மூட்டி நமக்கும் ஊர்க்கும் சோறிட்டோம் என்னும் பெருமையை இளைஞர் அறிய எழுத வேண்டும் என்றும் சொல்லியனுப்பினர். அப்பெருமை மெய்யே. ஆயின் அது பாதி மெய். மற்றப் பாதியை விடுத்து எழுத முயன்று இருமுறை தாளைக் கிழித்தெறிந்த பின்னரே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். குறையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

சோற்றை விலைக்கு விற்றல் நம் நாட்டில் நெடுங்காலம் இழிதொழிலாகவே எண்ணப்பட்டது. வடமொழியாளர் இதனை அன்னவிக்கிரயம் என்று பெயரிட்டுப் பழித்தனர். நம் பாட்டிமாரும், ‘சோற்றை விற்றவன் வீடு விளங்காது’ என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆயினும் பண்டைத் தமிழ் நகரங்களில் உணவு விற்பார் இல்லாமல் இல்லை. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்பாரும் அப்பம் விற்பாரும் இருந்த செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்லுகின்றது; மதுரைக்காஞ்சியில் கடைத்தெருவின் பண்ணியங்கள் வருகின்றன. ஆகவே விற்கப்பட்டவை பெரும்பாலும் தின்பண்டங்களே எனலாம். இலையிட்டுப் படைக்கும் சோறோ, சுற்றத்தார் வீட்டிலும் அறச்சாலையிலும் கிடைத்தற்குரியதாய் இருந்தது. இது எம் கருத்து. மாறுபடுவோர் சான்று காட்டினால் ஏற்றுக்கொள்வோம்.

அறச்சாலை என்றவுடன் மணிமேகலை நினைவிற்கு வாராதிருப்பதில்லை. அமுதசுரபியை மணிமேகலையின் கையில் கண்டு வியப்பவர்கள், அது முதலில் யார் கையில் இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். அதனை முதலிற் பெற்றவன் ஆபுத்திரன். பிறப்பைக் காரணங் காட்டி மறையோர் ஊரினின்றும் விலக்கப்பட்டு, மதுரையிற் பிச்சையெடுத்து, வந்தவர்க்கெல்லாம் ஊட்டி மிச்சிலை உண்டு, கலைமகள் கோயில் அம்பலத்திற் படுத்துறங்கியவன் அவன். அக் கலைமகளாகிய சிந்தாதேவிதான் அவனுக்கு அப்பாத்திரத்தை அளித்தாள். பந்தியினின்றும் எழுப்பப்பட்டவன் கையிலேதான் வற்றாத சோற்றுப் பாத்திரம் வந்து சேர்ந்தது என்று சாத்தனார் கதை செய்தாரே, அவர் எதனைக் கண்டு அங்ஙனம் செய்தாரோ! வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கு மந்தைவெளிக் கடையின் பின்சுவர் நினைவிற்கு வரும். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

இடைக்காலத்தில் வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள் இருந்தன. அரசரும் செல்வரும் கட்டிய அவற்றில் சோறு விலையின்றிக் கிடைத்தது. ஆனால் பந்தி வேற்றுமை பல இடங்களில் இருந்தது. இன்னார்க்கு உள்ளே, இன்னார்க்குத் தாழ்வாரத்தில், இன்னார்க்கு வாசலில் என்று வகுத்தே இட்டனர். இவ்வழக்கத்தை முற்றும் விலக்கி, சாதி சமயம் வினவாமல் பசியொன்றையே தகுதியாகக் கொண்டு இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-இல். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணைந்ததில்லை. மயிலையிலும் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் வலம் வரும் நாளில் மாடவீதிகளில் நீர்மோரும் சோறும் வருவார் போவார்க்கெல்லாம் வழங்கும் வழக்கம் உண்டு. மயிலையின் விழாக்களை வரிசைப்படுத்திப் பாடிய திருஞானசம்பந்தர், அடியார்க்கு அமுது படைத்தலையும் பூம்பாவைப் பதிகத்தில் வைத்தமையால், அவ்வூருக்கும் அன்னத்திற்கும் உள்ள உறவு மிகப் பழையது என்பது விளங்கும்.

இனி, காசுக்குச் சோறு கிடைக்கும் கடைகள் நம் நகரத்தில் எங்ஙனம் பெருகின? 1856-இல் இராயபுரத்தினின்றும் இருப்புப்பாதை புறப்பட்டது. கல்லூரிகளும் நியாயத்தலங்களும் அலுவலகங்களும் பெருகின. தஞ்சையினின்றும் திருநெல்வேலியினின்றும் குமாஸ்தா வேலைக்கும் படிப்பிற்கும் வந்த இளைஞர்க்கு நகரத்தில் உறவினர் வீடு ஒன்றிருந்தால் நன்று; இல்லையேல் வயிறு வாடும். இவர்களுக்காகவே ‘காபி கிளப்பு’ என்னும் கடைகளும், மாதக் கணக்கில் சோறிடும் ‘மெஸ்’ என்னும் வீடுகளும் தோன்றின. இவ்விரு சொற்களும் ஆங்கிலேயர் தம் கேளிக்கைக் கூடத்தினின்றும் படைவீரர் உணவுக் கூடத்தினின்றும் வந்தவை. நம்மவர் வாயில் அவை எவ்வளவு எளிதாக நுழைந்துவிட்டன பாருங்கள்! காபிக்குக் ‘குளம்பி’ என்று தமிழ்ப்பெயர் இட்டோரும் உளர். எம் மாணவர் அச்சொல்லைக் கேட்டு நகைப்பரேயன்றி, ஒருவரேனும் கடையிற் சென்று குளம்பி கேட்டதில்லை. யாமும் கேட்டதில்லை.

இக்கடைகளுள் பெரும்பான்மையும் பிராமணர் நடத்தியவை. அவருள்ளும் கன்னட நாட்டு உடுப்பியினின்றும் வந்தோர் புகழ் மிக்கவர். கிருஷ்ணன் கோயில் மடங்களின் மடைப்பள்ளியிற் பயின்ற கை அவர்கள் கை. இட்டலியைக் குறிக்கும் பழஞ்சொல் கி.பி. 920-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘வட்டாராதனெ’ என்னும் கன்னட நூலிலே காணப்படுகின்றது என்பதால், அதனை நமக்குச் சுவைபடச் சமைத்துத் தரும் உரிமை அவர்க்கு உண்டு என்றே கொள்வோம்! உடுப்பி கிருஷ்ணராவ் சென்னையில் சமையற்கூடத்துச் சிறு வேலையில் தொடங்கி, மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்தி, 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். அவர்களுடைய கடைகளில் தூய்மையும் சுவையும் ஒழுங்கும் இருந்தன. அதனை மறுப்பவர் நன்றி கொன்றவராவர்.

ஆனால் அக்காலத்துக் கடைகள் பலவற்றில் இருக்கையில் வேற்றுமை இருந்தது. முன்கூடம் பிராமணர்க்கு, பின்கூடம் அல்லது பக்கத்துத் தாழ்வாரம் ‘இதராள்’ எனப்பட்ட ஏனையோர்க்கு. தாழ்த்தப்பட்டோர்க்கோ இரண்டிலும் இடமில்லை. இரயில் நிலையங்களின் உணவறைகளிலும் இவ்வேற்றுமை நிலவியது. பெரியார் ஈ.வெ. ராமசாமி முதலியோர் கிளர்ச்சி செய்த பின்னரே 1941-இல் அது நீங்கிற்று.

எம் பாட்டனார் 1944-இல் தெற்கேயிருந்து மயிலாப்பூருக்கு வந்து ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் அமர்ந்தவர். வந்த மறுநாள் காலை பசியோடு ஓர் ஓட்டலில் நுழைந்து, பலகை இருந்தது தெரியாமல் முன்கூடத்து மணைமீது அமர்ந்துவிட்டார். அவ்வோட்டலின் பெயர் ஈண்டு வேண்டா. பரிமாறுபவர் ஒன்றும் கடிந்து பேசவில்லை. ‘நீங்கள் அந்தப் பக்கம்’ என்று மட்டும் கையால் காட்டினாராம். முன்னே போட்டிருந்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பின்கூடத்தில் மீண்டும் விரித்தாராம். அந்த இலையின்கண் அப்போது இரண்டு இட்டலி வைக்கப்பட்டிருந்தன. சட்டினி இன்னும் விடவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து இதனைச் சொல்லும்போதும் பாட்டனார், ‘சட்டினி விடவில்லை’ என்பதை மறவாது சொல்வார். அந்த இட்டலி நன்றாயிருந்ததா என்று சிறுவராயிருந்த யாம் கேட்டோம். ‘மிக நன்றாயிருந்தது. அதுதான் பொறுக்கவில்லை’ என்றார்.

அவர் தமையனார், எமக்குப் பெரிய பாட்டனார், 1948-இல் மந்தைவெளியில் ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்கியதற்கு இந்த இலையே காரணம் என்று எம் வீட்டில் சொல்வதுண்டு. வேறு காரணங்களும் இருந்திருக்கும்; ஊரில் நிலம் போய்விட்டது, கையில் இருந்த கலை சமையல் ஒன்றே.

மந்தைவெளி என்னும் பெயர், மயிலையின் ஆநிரைகள் மேய்ந்த வெளி என்னும் பொருளில் அமைந்ததென்பர். பின்னர் வீடுகள் எழுந்து, புரோடீஸ் ரோடு என்று வழங்கிய பெருவழி இராமகிருஷ்ண மடச்சாலை என்று பெயர் பெற்றது. 1897-இல் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் சென்னையில் நிறுவிய மடம் அச்சாலையில் உள்ளது. மயிலாப்பூரில் ஏழை மாணவர்க்கு உண்டியும் உறையுளும் தந்து கற்பிக்கும் இராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் 1905-இலும், விவேகானந்தா கல்லூரி 1946-இலும் தோன்றின. வழக்குரைஞர் மாளிகைகள் மயிலையில் இருக்க, அவர்தம் குமாஸ்தாக்களும், அச்சகத் தொழிலாளரும், கல்லூரி மாணவரும், டிராம் வண்டியில் வேலைக்குச் செல்வோரும் மந்தைவெளியின் ஓட்டுவீட்டு அறைகளில் இருவர் மூவராய்த் தங்கினர். டிராம் 1953-இல் நின்றுபோயிற்று. அறைவாசிகள் நிற்கவில்லை.

கடை ஓர் ஓட்டு வீடு. முன்திண்ணையில் ‘சாப்பாடு தயார்’ என்னும் பலகை. உள்ளே நீண்ட பெஞ்சுகள் எட்டு, கடப்பைக்கல் பதித்த மேசைகள் எட்டு. வாசலருகே உயர்ந்த மரப்பட்டறை. அதன்பின் பெரிய பாட்டனார். பட்டறைமேல் முருகன் படம், அதன்கீழ் மூவர் மட்டும் எழுதலாம் என்னும் பற்றுவரவுப் பேரேடு. அம் மூவர் பெரிய பாட்டனாரும் எம் பாட்டனாரும், கணக்கில் வல்ல எம் அத்தையும். பெயர்ப்பலகை கிடையாது. ‘நம்மவர் கடை’ என்றால் அங்காடித்தெரு வண்டிக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவர்.

சாப்பிட வந்தோர் அனுபவத்தைச் சொல்லாமல் கடையின் வரலாறு நிரம்பாது. காலை ஆறு மணிக்கு அறைவாசிகள் ஈரத்துண்டு தோளில் கிடக்கக் காபிக்கு வருவர். டபராவில் டம்ளரைக் கவிழ்த்துக் கொண்டுவரும் பரிமாறுநர் அதனை நிமிர்த்தும்போது ஒரு துளியும் சிந்தாது. அக்கலையைக் கற்க யாம் சிறுவயதில் வீட்டில் முயன்று அடிபட்டோம். எட்டு மணிக்கு இட்டலி தீர்ந்துவிடும். தீர்ந்தபின் வந்தவர் முகத்தைக் கண்டு பெரிய பாட்டனார், ‘தம்பி, உப்புமா இருக்கிறது, நெய் விட்டுத் தரச் சொல்கிறேன்’ என்பார். பரிமாறுநர் உள்ளன யாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்து மூச்சு வாங்குவார். கேட்டவர் இறுதியில், ‘முதலில் சொன்னது என்ன?’ என்பர். பன்னிரண்டு மணிக்கு இலைச்சாப்பாடு. பங்கீட்டுக் காலத்தில் அளவுச்சாப்பாடுதான் நடந்தது. 1952-இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பின்னரே அளவில்லாச் சாப்பாடு மீண்டது. அந்நாளில் ஓர் அச்சகத் தொழிலாளர் ஏழுமுறை சோறு வாங்கியுண்டதும், எட்டாம் முறைக்குப் பெரிய பாட்டனார் தாமே எழுந்து வந்து பரிமாறியதும் கடையின் புராணம். அது கேலியா மதிப்பா என்று அத்தொழிலாளர்க்குத் தெரியவில்லையாம். அவர் மறுநாளும் வந்தார்.

அறைக்கு எடுத்துச் செல்வோர்க்கு அடுக்குப் பாத்திரத்தில் எடுப்புச் சாப்பாடு உண்டு. காய்ச்சல் கண்டவர்க்கு அதே பாத்திரத்தில் கஞ்சியும் வறுத்த அப்பளமும் கணக்கில் ஏறாமல் போகும். மாதக் கணக்குக்காரர்க்கு மட்டும் ஒரு சலுகை: ஊர்க்குச் சென்ற நாளுக்குக் கழிவு. அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமற் சென்றவர் வந்து வழக்காடுவர். ஒரு மாணவர் பாட்டியின் இறப்பிற்குச் சென்றதாகச் சொல்லி ஓராண்டில் மூன்றுமுறை கழிவு பெற்றார். நான்காம் முறை அவர் வாய் திறக்கும்முன், ‘உன் குலத்தில் பாட்டிமார் எத்தனை பேரப்பா?’ என்று பெரிய பாட்டனார் கேட்டாராம்.

1957 ஏப்பிரல் முதல் நாள் நயாபைசா வந்தபோது நேர்ந்த பூசலையும் இங்கே குறிப்பது தகும். ஓரணாவிற்கு ஆறு நயாபைசா, ஈரணாவிற்குப் பன்னிரண்டு, மூவணாவிற்குப் பத்தொன்பது, நாலணாவிற்கு இருபத்தைந்து என்று அரசினர் வாய்பாடு வெளியிட்டனர். ஈரணாக் காபியை ஒருவர் இரண்டு வேளை குடித்துத் தனித்தனியே கொடுத்தால் இருபத்துநான்கு. சேர்த்துக் கொடுத்தால் இருபத்தைந்து. ஆகவே அறைவாசிகள் ஒவ்வொரு காபிக்கும் தனித்தனியே எழுந்து வந்து பட்டறையில் காசு வைத்தனர். அதனால் பெரிய பாட்டனார் ஒரு திங்கள் உறக்கமிழந்தார். இது நகைப்பிற்குரியதாகத் தோன்றினும், ஒரு நயாபைசாவைக் கணக்குப் பார்க்கவேண்டியிருந்தோரே அக்கடைக்கு வந்தோர் என்பதை நினைக்க வேண்டும்.

இக்கடையில் நம் குலத்தார் மட்டுமன்றிப் பிற குலத்தாரும் உண்டனர். பிராமண இளைஞர் சிலரும் பெற்றோர் அறியாமல் வந்து காரக்குழம்பு உண்டனர். எவரையும் எவரும் எழுப்பவில்லை, இலையைச் சுருட்டவில்லை. இதுவே நம் பெரியோர் எம்மை எழுதச் சொன்ன பெருமை.

இனி மற்றப் பாதி.

கடையின் கொல்லைப்புறச் சுவரில், சாளரத்தின் பக்கத்தில், ஓர் ஆணி அடித்திருந்தது. 1980களின் இறுதியில், யாம் எட்டு ஒன்பது வயதினராய் விடுமுறைக்கு அங்கே திரிந்தபோது அந்த ஆணியைக் கண்டோம். அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. ஆயினும் அதனைச் சுற்றிச் சுண்ணாம்பு உரிந்து, ஒரு டம்ளரின் வட்டவடிவில் சுவர் கறுத்திருந்தது. எதற்கென்று பாட்டனாரைக் கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. அன்றிரவு சொன்னார்.

கடை தொடங்கிய நாள்முதல் அந்த ஆணியில் ஓர் அலுமினிய டம்ளர் தொங்கியது. தெருப்பெருக்கும் நகராண்மைத் தொழிலாளர்க்கு உரியது அது. அவர் கொல்லைவழி வந்து, தாமே அதனை எடுத்து, சாளரத்தின் கீழ் நீட்டுவார். உள்ளேயிருந்து கை படாமல் உயரத்தினின்றும் காபி ஊற்றுவர். குடித்தபின் தாமே கழுவி அதே ஆணியில் மாட்டிச் செல்வார். காசைச் சாளரத்தின் விளிம்பில் வைப்பார்; அதன்மேல் தண்ணீர் தெளித்தே எடுப்பர். சோறு வேண்டின் வாழையிலைப் பொட்டலம். முன்வாசல் அவர்க்கு எந்நாளும் இல்லை. இதனை யாரும் சட்டமாகச் செய்யவில்லை. பலகை எழுதி மாட்டவில்லை. முதல்நாள் அவர் கொல்லைவழி வந்தார், அன்றே ஆணி அடிக்கப்பட்டது, அவ்வளவே. தம் இலை சுருட்டப்பட்டதற்காகக் கடை கண்டவர் கையே சுத்தியலைப் பிடித்திருந்தது.

நம்மைப் போன்ற இடைநிலைக் குலத்தார் வரலாறு எழுதும்போதெல்லாம் நமக்கு மேலுள்ளார் நமக்கிழைத்ததை விரித்தெழுதுகின்றோம். நாம் நமக்குக் கீழென்று வைத்தார்க்கு இழைத்ததை எழுதுவதில்லை. இஃது எம் குடும்பத்துக் கடையொன்றின் குற்றமாயின் குடும்பத்தோடு வைத்துக்கொள்வோம். ஆனால் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக்குவளை என்று பெயர் பெற்ற வழக்கத்தை நடத்தியோருள் பெரும்பாலார் யார்? அக்கிரகாரத்தாரா? அல்லர். நம்மைப் போன்றோரே.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழைய எவர்க்கும் சாதி காரணமாகத் தடை கூடாது என்றது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிய அச்சட்டத்தின் நான்காம் பிரிவைப் படித்துப் பார்த்தோம். உணவு விடுதிகளில் நுழைவதை மட்டுமன்று, அங்கே பொதுவில் வைக்கப்பட்ட பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தலையும் குற்றமென்று அது தனியே சுட்டுகின்றது. எம் கடையின் ஆணியை நேரிற் கண்டு எழுதினாற்போல அச்சொற்கள் உள்ளன. தில்லியில் சட்டம் வரைந்தோர் மந்தைவெளிக்கு வரவில்லை. நாடெங்கும் அத்தகைய ஆணிகள் இருந்தன என்பதே பொருள்.

திருவல்லிக்கேணி முரளி கபே என்னும் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957 மே திங்களில் மறியல் தொடங்கினார். அது நாள்தோறும் நடந்து 1958 மார்ச்சு வரை நீண்டது. ஆயிரம் பேர்க்குமேல் சிறைப்பட்டனர். இறுதியில் அச்சொல் நீக்கப்பட்டது. அந்நாட்களில் எம் கடையில் காலைக் காபிக்கு வருவோருள் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். ஏனையோர் கேட்டு, ‘அப்படித்தான் வேண்டும்’ என்று மேசையைத் தட்டுவர். பெரிய பாட்டனார் பட்டறையினின்றும் எழுந்து, அன்று மறியலுக்குச் சென்று மீண்ட நம் குல இளைஞர் இருவர்க்குக் காசு வாங்காமல் சாப்பாடு போடச் சொன்னதுமுண்டு. அவ்வேளையிலெல்லாம் பின்சுவரில் அலுமினிய டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது. இதனைப் பாட்டனார் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று இப்போது எண்ணிப் பார்க்கின்றோம். வியப்பே மிகுதியாக இருந்தது. ‘எங்கள் கண்ணுக்கு அது படவேயில்லையடா’ என்றார்.

டம்ளர் இறங்கியது 1963-ஐ ஒட்டி. இறங்கிய வகை இது. ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி, கூட்டமில்லை. வெள்ளைச் சட்டையும் கையிற் புத்தகமுமாய் இளைஞர் ஒருவர் முன்வாசல் வழியே வந்து, முதல் மேசையில் அமர்ந்து, ‘ஒரு காபி’ என்றார். பரிமாறுநர் புதியவர், கொண்டுவந்து வைத்தார். பட்டறையிலிருந்த பெரிய பாட்டனார்க்கு அம்முகம் தெரிந்திருந்தது. சிறுவனாய்த் தந்தையோடு கொல்லைவழி வந்து சாளரத்தின் கீழ் நின்ற முகம் அது. இளைஞரும் அவரைப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. காபியை ஆற்றி, மெல்லக் குடித்து, டபராவில் டம்ளரைக் கவிழ்க்காமல் நிமிர்த்தே வைத்துவிட்டு, பட்டறைக்கு வந்து காசைப் பலகைமேல் வைக்காமல் கையை நீட்டினார். பெரிய பாட்டனார் கை உடனே நீளவில்லை. எவ்வளவு நேரமென்று பாட்டனார்க்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நீண்டது. காசு கைக்குக் கை மாறியது. இளைஞர் போய்விட்டார்.

அன்று மாலை அலுமினிய டம்ளர் ஆணியில் இல்லை. யார் எடுத்தார், எங்கே எறிந்தார் என்பது யார்க்கும் தெரியாது. மறுநாள் காலை தெருப்பெருக்கும் தந்தையார் வழக்கம்போலக் கொல்லைவழி வந்து வெற்று ஆணியைக் கண்டு நின்றார். பெரிய பாட்டனார் சாளரத்தருகே சென்று, ‘முன்னே வாருங்கள் அண்ணே’ என்றார். அவர் வரவில்லை. நின்றார், போனார். அதன்பின் அக்கடையில் அவர் காபி குடித்ததேயில்லை. நாற்சந்தியிலிருந்த வேறொரு கடைக்குச் சென்றதாகக் கேள்வி. பெரிய பாட்டனார் இதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகவே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகின்றோம். ‘நான் அழைத்தேனே, வரவில்லையே’ என்பாராம். பதினைந்து ஆண்டு கொல்லையில் நிறுத்திவிட்டு ஒரு நாள் அழைத்தால் வந்துவிட வேண்டுமா என்று கேட்கும் துணிவு அக்காலத்தில் வீட்டில் யார்க்கும் இல்லை.

கடை 1994-இல் மூடப்பட்டது. நடத்த ஆளில்லை, அத்தை கண் தெரியாதவரானார், பேரேட்டில் வரவேண்டிய பற்று வரவில்லை. ஓட்டு வீடு இடிபட்டு அடுக்குமாடி எழுந்தது. நம்மவர் நடத்திய ஏனைக் கடைகளும் ஒவ்வொன்றாய் மறைந்தன. பெருங்கடைகளுக்கும் அதே கதிதான். கிருஷ்ணராவ் 1962-இல் தோட்டக்கலைச் சங்கத்து மரநிழலில் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டு, அவ்விடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா அமைந்தது. காரில் இருந்தபடியே உண்பதற்கென்று அமைந்த அவ்விடத்தில் காரில்லாத யாமும் ஒருமுறை மரத்தடியில் உண்டிருக்கின்றோம். 2013-இல் மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கி, இட்டலி ஒன்று ஒரு ரூபாய், சாம்பார் சோறு ஐந்து ரூபாய், தயிர்ச்சோறு மூன்று ரூபாய் என்று விலை வைத்து, மகளிர் சுயஉதவிக் குழுவினரைக்கொண்டு சமைக்கச் செய்தது. தெருப்பெருக்கும் தொழிலாளரும் குமாஸ்தாவும் ஒரே பலகையருகே நின்று அங்கே உண்பதைக் காண்கின்றோம். அங்கே சமைப்போர் எக்குலத்தார் என்று உண்போர் கேட்பதில்லை. சில சிற்றூர்ப் பள்ளிகளில் சத்துணவு சமைக்கும் பெண்மணியின் குலத்தைக் கேட்டுப் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்தி நாளிதழ்களில் வந்ததையும் படித்திருக்கின்றோம். அப்பெற்றோர் எக்குலத்தார் என்று தேடியபோது எமக்கு வெட்கம் மிகுந்தது.

இக்கட்டுரைக்குப் படம் வேண்டுமென்று வெளியீட்டுக் குழுவினர் கேட்டனர். எம்மிடம் ஒரே ஒரு படம் உண்டு. கடையின் முன்திண்ணையில் பெரிய பாட்டனார் நாற்காலியில் அமர்ந்திருக்க, எம் பாட்டனார் நின்றிருக்க, பரிமாறுநர் நால்வர் தோளில் துண்டோடு வரிசையாய் நிற்கும் படம் அது. ‘சாப்பாடு தயார்’ பலகையும் தெளிவாகத் தெரிகின்றது. அதனைக் கொடுத்திருக்கின்றோம். கொல்லைச் சுவரை யாரும் படமெடுத்ததில்லை.